பச்சை மையில் ஒரு நற்சான்று

இதனால் தெருவாசிகள் அனைவருக்கும் தெரிவிப்பது: செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு அவர் பச்சை மைப் பேனாவின் மூடியைத் திறந்துவிட்டார்.

மின்விசிறி நிறுத்தப்பட்டது. காகிதம் பறக்கக் கூடாது.

டிவியும் நிறுத்தப்பட்டது. சிந்தனை பறக்கக் கூடாது.

வாசல் பலகையில் அவர் இன்னும் கால்நடைத் துறை உதவி இயக்குநர்தான். 'ஓய்வு' என்ற சொல் அடைப்புக்குறிக்குள், எறும்பு அளவில்.

பதவியில் இருந்த காலத்தில் ஆயிரக்கணக்கானோருக்கு நன்னடத்தைச் சான்று கொடுத்தவர். மாட்டு டாக்டர் கையெழுத்துப் போட்டால் மனிதர்களின் ஒழுக்கம் செல்லுபடியாகும் என்பது அரசாங்கத்தின் ஏற்பாடு.

'இவரை எனக்கு ஐந்தாண்டுகளாகத் தெரியும்.' ஆள் முகத்தைப் பார்க்காமலே எழுதுவார்.

இன்று எழுத வேண்டியது, இருபத்தாறு ஆண்டுகளாக உண்மையிலேயே தெரிந்த ஒருவரைப் பற்றி.

எதிர்வீட்டு ஜெராக்ஸ் கடை இருதயராஜ். அதிகாரியின் முத்திரையைக் குத்தி, அதிகாரியின் கையெழுத்தையும் தானே போட்டு, ஊராருக்குச் சான்று கொடுத்தார் என்று வழக்கு. குற்றம் உறுதியாகிவிட்டது. நாளை தண்டனை.

மதிப்புள்ள ஒருவர் நல்லவிதமாக ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் நீதிபதி மனம் இறங்கலாம் என்கிறார் வக்கீல் அம்மா. இல்லாவிட்டால் இரண்டு வருடம் உள்ளே.

'மாண்பமை நீதிமன்றத்தின் மேலான சமூகத்திற்குப் பணிவுடன் சமர்ப்பிப்பது யாதெனில்.'

அதற்கே கால் பக்கம் போயிற்று.

அடுத்து?

பிரசவ வலியில் துடித்த அவர் மனைவியை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது இருதயராஜ்தான். எழுதலாம். கணவர் எங்கே போயிருந்தார் என்று கேட்பார்கள்.

கலெக்டர் வீட்டு நாய்க்கு இருமல்.

'பரோபகாரி' என்று எழுதினார்.

அவருடைய அம்மா இறந்த அன்று மயானம் வரை எல்லாம் பார்த்ததும் இருதயராஜ்தான். மகன் அப்போது கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் தன் பதவிப் பெயருக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தார்.

'பண்பாளர்.'

முத்திரை விஷயம் இருக்கிறதே, அதுதான் தொண்டையில் நின்றது.

மதியம் சாப்பிட்டுக் கண்ணயரும் நேரத்தில் வாசலில் ஆள் வந்து நிற்கும். ஒருநாள் எரிச்சலில் முத்திரையையும் பச்சைப் பேனாவையும் தூக்கிக்கொண்டுபோய் எதிர்க்கடையில் வைத்தார்.

"நீயே போட்டு அனுப்புய்யா. என்னைய எழுப்பாத."

ஏழு வருடம் நிம்மதியாகத் தூங்கினார்.

அவர் காசியில் முங்கி எழுந்த தேதியைப் போட்டிருந்த ஒரு சான்று மாட்டிக்கொண்டது. போலீஸ் அங்கிருந்து நூல் பிடித்து வந்தது.

சாட்சிக் கூண்டில் கேட்டார்கள், முத்திரை இருதயராஜ் கைக்கு எப்படிப் போனது என்று.

மேசையிலிருந்து எடுத்திருக்கலாம் என்றார்.

எடுத்தார் என்று சொல்லவில்லை. எடுத்திருக்கலாம். ஒரு பென்ஷன் முழுவதும் அந்த 'லாம்' மேல் உட்கார்ந்திருந்தது.

இருதயராஜ் மறுக்கவில்லை. அதிகாரி சாட்சிக் கூண்டை விட்டு இறங்கும்போது எதிர்க்கூண்டிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"பாத்து எறங்குங்க சார். படி ஒடைஞ்சிருக்கு."

இதையும் எழுத முடியாது.

'பெருந்தன்மையாளர்' என்று எழுதினார். போதவில்லை. 'பன்முகத் திறனாளர்' என்று சேர்த்தார். அது வழக்குக்கு நல்லதில்லை என்று தோன்றி அடித்தார்.

காபி கொண்டுவந்த மனைவி நின்று வாசித்தார்.

"என்ன இது, கட்அவுட்டுக்கு எழுதுறீங்களா? சீலு நான்தான் குடுத்தேன்னு ஒரே ஒரு வரி எழுதுங்க. பேனா ஒடைஞ்சா போயிரும்?"

சட்டம் தெரியாதவர்களோடு என்ன பேசுவது?

மனைவி உள்ளே போன பிறகு எழுதினார்.

'முத்திரையை.'

ஒரு சொல். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். காபியில் ஆடை படிந்தது.

தாளைக் கசக்கினார்.

புதுத் தாள்.

'இவரை எனக்கு இருபத்தாறு ஆண்டுகளாகத் தெரியும். நல்லொழுக்கம் உடையவர்.'

கீழே கையெழுத்து. அதன் கீழே பதவி. இம்முறையும் 'ஓய்வு' எறும்பு அளவில்.

பழக்கத்தில் கை மேசை டிராயரைத் திறந்தது. ஸ்டாம்ப் பேட் இருந்தது. விரல்கள் இன்னும் உள்ளே துழாவின.

முத்திரை கோர்ட்டில் இருக்கிறது. சான்றுப் பொருள் எண் மூன்று.