கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில்

மருத்துவப் பாடநூல் ஒன்றுக்காக, அறுவை சிகிச்சையில் அகற்றிய ஒரு கருப்பையை வரைந்துகொண்டிருந்தேன். ஒன்பது கட்டிகள்; பெரியது மாங்காய் அளவு. அதைச் சுமந்திருந்த வடிவாம்பாள் வார்டிலிருந்து வயிற்றைப் பிடித்தபடி நடந்து வந்து என் பின்னால் நின்றாள். கட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

“பதினோரு வருசமா வலிக்குதுன்னு சொன்னேன் மேடம். வேலைக்குப் பயந்து நடிக்கிறேன்னாங்க எங்க மாமியார். எனக்கும் ஒண்ணு வரைஞ்சு குடுங்க. பெருசா.”

“பெருசா வரையறேன். ஆனா கட்டியைக் கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன். உள்ளதைத்தான் வரைவேன்.”

“அதுதான் வேணும்.”

ஆறு மாதம் கழித்து அவள் மகனின் காதுகுத்துக்குப் போனேன். கூடத்தில் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில், அதைவிடப் பெரிய கண்ணாடிச் சட்டத்துக்குள், என் ஓவியம். நேர் எதிரே மாமியாரின் நாற்காலி. வந்திருந்த ஒரு பெண் அண்ணாந்து பார்த்துவிட்டு அவரிடம் கேட்டாள்:

“இதென்னங்க, ஏதாவது பழமா?”

கூடத்தில் எல்லோரும் திரும்பினார்கள். மாமியார் முந்தானையை இழுத்துச் சரிசெய்தார். வடிவாம்பாள் பாயசக் கரண்டியோடு வந்து நின்றாள்.

“சொல்லுங்க அத்தே,” என்றாள்.