ஏழு தசம் ஒன்பது

"ஒரு கல்லுக்காக உன்ர தங்கச்சியின்ர அடுப்பை இடிச்சுப் போட்டிருக்கிறான் மனுசன்."

வவுனியாவுக்குப் போய்வந்த பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் றஞ்சனிக்கு விஷயம் தெரியும். அடுப்பு இடிந்து ஆறு மாதமாம். வாரம் தவறாமல் போனில் கதைக்கும் றோசம்மா இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. தங்கையைக் கையோடு கூட்டிவருவது என்று முடிவெடுத்து, அடுத்த நாளே முல்லைத்தீவிலிருந்து பஸ் ஏறினாள் றஞ்சனி.

வந்து பார்த்தால் சொன்னது அத்தனையும் உண்மை. குசினியில் அடுப்பு இருந்த இடத்தில் கரி படிந்த சுவர் மட்டும் இருந்தது. மாரி மழை தூறிக்கொண்டிருக்க, பின்வளவில் நாலு பக்கமும் திறந்த தகரக் கொட்டிலுக்குள் நின்று றோசம்மா சமைத்துக்கொண்டிருந்தாள். அதுவும் காஸ் அடுப்பில்.

வீட்டுக்குள் நல்ல இடமெல்லாம் ஒரு கண்ணாடித் தொட்டிக்குப் போயிருந்தது. றோசம்மாவின் கணவன் மரியநேசன் தண்ணீர் மோட்டர் திருத்துகிறவன். மூடப்பட்ட ஒரு ஹோட்டலின் முதலாளி இனி வேண்டாம் என்று அவனுக்குக் கொடுத்த தொட்டி அது. உள்ளே உப்புத் தண்ணீர், நாலு மீன், பவளப்பாறை என்கிறார்களே, அந்த உயிருள்ள முருகைக்கல். சின்ன வயதில் கடலில் முருகைக்கல்லை மிதித்துக் கால் கிழிந்தவள் றஞ்சனி. அதற்கு இப்படி ஒரு மரியாதையா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

றோசம்மாவோ பள்ளிக்கூட ரீச்சர் போல விளக்கம் சொன்னாள். தண்ணீருக்கு பி.எச். என்று ஒன்று இருக்கிறதாம். அது எட்டு தசம் இரண்டில் நிற்க வேண்டுமாம். வீட்டுக்குள் புகை அடைந்தால் அந்தக் காற்று தண்ணீரில் கரைந்து புளிப்பேறும், எண் இறங்கும், முருகை தேய்ந்து சாகும். அதனால்தான் முதலில் விறகடுப்பு போனது, காஸ் அடுப்பும் கொட்டிலுக்குப் போனது. பிறகு கொசு விரட்டும் நுளம்புத்திரி. பிறகு மாதா படத்துக்கு முன்னால் போடும் சாம்பிராணி. யன்னல்கள் பகல் முழுவதும் திறந்தே கிடந்தன. சுண்ணாம்பு கரைத்துத் தெளியவைத்த தண்ணீரைக் காலையில் சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்குள் விடுவதும் றோசம்மாவின் வேலைதான்.

"இவ்வளவு செய்தும் எண் ஏறினதே?"

"இல்லை அக்கா. ஏழு தசம் ஒன்பதிலை நிக்குது. நாங்கள் விடமாட்டம்."

மத்தியானம் மரியநேசன் வந்தான். சாப்பிட உட்காருமுன் பேனை போன்ற மீற்றரைத் தொட்டிக்குள் வைத்துப் பார்த்துத் தலையாட்டினான். எண் காணாது, இன்னும் ஏற வேண்டும் என்றான். இனி வளவில் குப்பை கொளுத்துவதையும் நிறுத்த வேண்டும் என்றான். றோசம்மா மறுபேச்சில்லாமல் சம்மதித்தாள்.

றஞ்சனிக்குப் பொறுக்கவில்லை. அவன் கை கழுவக் கிணற்றடிக்குப் போனபோது பின்னாலேயே போனாள்.

"நீர் ஒரு மனுசனே? மூச்சு இழுக்கிற தொய்வுக்காரியை மழைக்குள்ளை நிக்கவிட்டுக் கல்லுக்குச் சேவகம் செய்விக்கிறீர். நான் அவளைக் கூட்டிக்கொண்டு போகப்போறன்."

"மெல்லக் கதையுங்கோ மச்சாள். அவளுக்குக் கேட்டிடும்."

பிறகு அவன் சொன்னது வேறு கதை. போன வருடம் டொக்டர் நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இன்னும் புகைக்குள் நின்றால் ஒட்சிசன் சிலிண்டரோடுதான் சீவியம் என்று சொல்லிவிட்டார். புகைக்குள்ளேதானே பிறந்து வளர்ந்தோம் என்று றோசம்மா சிரித்தாள். அந்தக் கிழமையே அவன் காஸ் அடுப்பு வாங்கிக் கொடுத்தான். விருந்தாளி வந்தால் எடுக்கலாம் என்று அதைத் துணியால் மூடி வைத்தாள். கெஞ்சிப் பார்த்தான், சண்டை பிடித்தான், இரண்டு நாள் சாப்பிடாமலும் கிடந்து பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. தொட்டி வந்த பிறகு ஒருநாள், புகை பட்டால் முருகை செத்துப்போகும் என்று பேச்சுவாக்கில் சொன்னான். அடுத்த நாள் விடிய அலவாங்கை எடுத்து அடுப்பை இடித்தவள் றோசம்மாதான்.

"தனக்கெண்டால் ஒண்டும் செய்யமாட்டாள் மச்சாள். தன்னை நம்பி ஒரு உயிர் கிடக்கெண்டால் எதையும் செய்வாள்."

"அப்ப அந்த எண்?"

"மீற்றர் பழுதாகி நாலு மாசம். எங்கை வைச்சாலும் ஏழு தசம் ஒன்பதுதான். முருகை நல்லாத்தான் இருக்கு. எண் சரிவந்திட்டுது எண்டு சொன்னால், அடுத்த நாளே விறகு பொறுக்க வெளிக்கிட்டிடுவாள்."

றஞ்சனிக்கு வெட்கமாகிப் போய்விட்டது. சாப்பிட்டுவிட்டுப் பின்னேர பஸ்ஸுக்குத் தனியாகவே வெளிக்கிட்டாள்.

றோசம்மா பஸ் தரிப்பிடம் வரைக்கும் கூட வந்தாள். அரை மைல் தூரம். ஓரிடத்திலும் மூச்சு வாங்க நிற்கவில்லை. அதைப் பார்த்த றஞ்சனிக்குக் கண் கலங்கியது. மச்சானின் இரகசியத்தைக் காப்பாற்ற நினைத்து, புருசன் சொல்லுகிறபடி செய், அந்த எண் ஏறும்வரைக்கும் விட்டுவிடாதே என்று தங்கைக்குப் புத்தி சொன்னாள்.

றோசம்மா சிரித்தாள்.

"மீற்றரின்ர கதையை உங்களுக்குச் சொல்லிப்போட்டாரே?"

றஞ்சனி தங்கையைத் திரும்பிப் பார்த்தாள்.

"புளிச்சால் எண் இறங்கும் எண்டு அவர்தானே படிப்பிச்சவர். மூண்டு மாசத்துக்கு முதல் மீற்றரைத் தேசிக்காய்ப் புளித் தண்ணிக்குள்ளை வைச்சுப் பாத்தனான். அதுக்கும் ஏழு தசம் ஒன்பதுதான்."

"தெரிஞ்சுகொண்டோ இவ்வளவும் செய்யிறாய்?"

தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. றோசம்மா கையை நீட்டி மறித்தாள்.

"பொய் சொல்லத் தெரியாத மனுசன் அக்கா. எனக்காக ஒவ்வொரு நாளும் வந்து நிண்டு சொல்லுறார். அவரை நான் எப்பிடிக் காட்டிக்குடுக்கிறது?"