கட்டிலடியில் ஒரு கற்றாழை

வராந்தாவுக்கு அனுப்பிய கற்றாழைத் தொட்டி மறுபடியும் அர்ஜுனனின் கட்டிலுக்கு அடியில் வந்து உட்கார்ந்திருந்தது. காயங்களுக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர் திருநாவுக்கரசுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. பொழுது சாய்ந்தபின் வார்டுக்குள் பூ, செடி எதுவும் இருக்கக் கூடாது என்பது வெள்ளைக்கார டாக்டரின் உத்தரவு.

“வள்ளியம்மா, எத்தனை தடவ சொல்றது? ராத்திரியில செடி நோயாளியோட மூச்சுக் காத்தை உறிஞ்சிரும்.”

அந்த மாதம்தான் வேலைக்குச் சேர்ந்த ஆயா வள்ளியம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். “அப்படி மூச்சு முட்டிச் செத்தவுங்க யாரும் உண்டாய்யா?”

கேட்ட தோரணை அவருக்குப் பிடிக்கவில்லை. “உண்டோ இல்லையோ, இவன் செத்தா என் தலைதான் உருளும்.”

அர்ஜுனன் கைதி. தீர்ப்பெல்லாம் எப்போதோ ஆகிவிட்டது. சிறையில் கொதிநீர் கொட்டி இரண்டு கால்களும் பின்புறம் வெந்துபோய்ப் புண்ணாகி, கட்டிலில் விலங்கோடு குப்புறக் கிடந்தான். ஆறியதும் சிறைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று காகிதம் வந்திருந்தது.

“ஆயாவைத் திட்டாதீங்கய்யா,” என்றான் அவன், தலையணையில் முகம் புதைத்தபடி. “அவுங்க கை பட்டாத்தான் எரிச்சல் அடங்குது. பெத்த தாயி மாதிரி.”

அன்றோடு தொட்டி உள்ளே வருவது நின்றது. புண்ணும் மளமளவென்று ஆறத் தொடங்கியது. தான் கலக்கிய களிம்பின் மகிமை என்று திருநாவுக்கரசு நாலு பேரிடம் பெருமையடித்துக்கொண்டார்.

ஒருநாள் காலை கோப்பிக் கடையில் அவரைத் தனியே இழுத்தார் கைதிக்குக் காவல் இருக்கும் போலீஸ்காரர் அப்துல் காதர்.

“அந்த ஆயா யாருன்னு தெரியுமாண்ணே? பாகான் டாலாம்ல அர்ஜுனன் தீ வெச்ச அத்தாப்பு ஓலை வீடு அவளோடதுலா. உள்ள வெந்து செத்தது அவ புருஷன். அங்கேருந்து வந்த ஆளு இப்பத்தான் சொன்னான்.”

திருநாவுக்கரசு வார்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “நீ இங்க நிக்கிற. அங்க யாரு காவல்?”

“ஆயாதான் பாத்துக்கிறேன்னு சொன்னுச்சு.”

கோப்பியை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். மூச்சுக் காற்றைப் பற்றி அவள் கேட்ட கேள்வி வழியெல்லாம் காதில் ஒலித்தது. பாவி, எதைச் செய்துவைத்திருக்கிறாளோ.

கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. விலக்கினால், அர்ஜுனனின் கட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு, கை நிறையக் கொழகொழவென்று எதையோ வழித்து அவன் கால்களில் தடவிக்கொண்டிருந்தாள் வள்ளியம்மா. பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

“என்ன விஷம் இது?”

“சோத்துக் கத்தாழைய்யா. நீங்க மூச்சு முட்டும்னு சொன்னதுலேருந்து தொட்டிய வெளியிலதான் வெச்சிருக்கேன். மடல மட்டும் ஒடச்சுக்கிட்டு வந்து தெனமும் பூசுறேன்.”

அவர் குனிந்து பார்த்தார். கால்கள் முழுக்க இளஞ்சிவப்பாய்ப் புதுத்தோல் மூடியிருந்தது. களிம்பின் மகிமை அத்தோடு போயிற்று.

“உன் புருஷனை உயிரோட கொளுத்துனவன்னு தெரிஞ்சுமா?”

“தெரிஞ்சுதான்யா இந்த வேலைக்கே வந்தேன்.”

அர்ஜுனன் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினான். இத்தனை நாளாகப் பார்க்காத முகத்தை இப்போதுதான் திரும்பிப் பார்த்தான். அடையாளம் தெரிந்ததும் உடைந்து அழுதான்.

திருநாவுக்கரசுக்கும் கண் கலங்கியது. கொல்ல வந்தவள் என்று நினைத்தோமே, இப்படியும் ஒரு மனசு இருக்குமா என்று வெட்கப்பட்டு அவள் கையை விட்டார்.

“தாயி,” என்று விம்மினான் அர்ஜுனன். “என்னை மன்னிச்சிட்டியா?”

வள்ளியம்மா புதுத்துணியை எடுத்து, வலிக்காமல், பதமாகச் சுற்றி முடிச்சுப் போட்டாள். பிறகு அவன் காதருகே குனிந்தாள்.

“நடக்க முடியாதவனைத் தூக்குல போட மாட்டாங்களாமே.”