கணக்குல ரெண்டு பேரு

ஷார்ஜாவுல மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல லிங்கேஸ்வரன் சொந்த ஊரு சுந்தரபாண்டியத்துக்குப் போன் போட்டான். அம்மா அய்யம்மாதான் எடுத்தா.

"ஏலே, காலைல சர்வேக்காரவுக வந்தாக. வீட்ல யாரும் மனசுக்கு வைத்தியம் பாக்கீகளான்னு நாடு பூரா கணக்கு எடுக்காகளாம்."

அவன் சாப்பாட்டு டப்பாவ மூடி வச்சான். நெஞ்சு படபடப்புக்கு அவன் ஒரு வருசமா மாத்திரை போடுறது வீட்டுக்குத் தெரியாது. இருபது வருசம் பட்டாளத்துல இருந்த அப்பாவுக்குத் தெரிஞ்சா எந்த மூஞ்சிய வச்சு ஊருக்குப் போறது?

"நீ என்னம்மா சொன்ன?"

"தெருவே யாருமில்லன்னுச்சு. நானும் அதத்தான் சொன்னேன். ஒங்கப்பா போனவுகளத் திருப்பிக் கூப்பிட்டு, 'எங்க வீட்ல ரெண்டு பேரு, எழுதிக்கோங்க'ன்னுட்டாக."

"ரெண்டா?"

"பொங்கலுக்கு வந்தப்ப ஒம் பையில மாத்திரை அட்டையப் பாத்திருக்காக. பாத்ததுமே இன்னதுக்குன்னு தெரிஞ்சுபோச்சாம்."

"அப்பாவுக்கு எப்படிம்மா தெரியும்?"

"அவியளும் அதத்தான போடுதாக. மாசாமாசம் ஸ்ரீவில்லிபுத்தூர் போயி பால்கோவாவோட வருவாகளே, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரதுதாம்லே அது. ஆறு வருசமாச்சு."

அப்பா போன வாங்குனாரு.

"ஏலே லிங்கம், தெரு பூரா வாய மூடிக்கிட்டு இருந்துச்சு. நாம ரெண்டு பேருதான் நிமிந்து நின்னு பேரு குடுத்திருக்கோம். மாத்திரைய மட்டும் விட்றாத. டெல்லிக் கணக்குல நம்ம ஆளு ஒண்ணு கொறையக் கூடாது."