சீட்டுக்குப் போட்ட பிளாஸ்டிக்

"கார் வாங்கி ரெண்டு மாசமாச்சு. இன்னும் பிளாஸ்டிக்கைக் கழற்றலையா, மாப்பிள்ளை?"

பின் சீட்டிலிருந்து கேட்டார் மோகனராஜ். மகளின் கல்யாணக் கார்டோடு தங்கச்சி வீட்டுக்கு வந்தவர். வளைவுக்கு வளைவு, வேட்டியோடு இந்தக் கதவுக்கும் அந்தக் கதவுக்குமாக வழுக்கிக்கொண்டிருந்தார்.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த திருச்செல்வம் அடுத்த வளைவை ஒடித்தார்.

"கடையில சாமானுக்குச் சுத்திச் சுத்திப் பழகிட்டாரு. நாளைக்கு என் தங்கச்சியையும் பிளாஸ்டிக்ல சுத்திடுவாரு."

துஷ்யந்தி சிரித்துவைத்தாள். அண்ணனாயிற்றே.

திருச்செல்வத்துக்குக் கண்டி டவுனில் ஹார்ட்வெயார் கடை. ஓட்டியது பழைய வேன். துஷ்யந்தி ஐந்து வருஷமாகக் கார் கேட்டாள். "அந்தக் காசுக்கு ஹந்தானைப் பக்கம் ஒரு துண்டு காணி வாங்கலாம்" என்று அவரும் ஐந்து வருஷமாகச் சொன்னார். திடீரென்று ஒருநாள் சரி என்றார்.

சின்ன ஜீப். ஆனால் சொகுசு. சன்ரூஃப், கேமரா, தோல் சீட் என்று விற்பனைக்காரன் அரை மணி நேரம் அளந்தான். திருச்செல்வம் கேட்டது ஒரே கேள்வி.

"வளைவுல வயித்தைப் புரட்டுமா?"

"புரட்டவே புரட்டாது, சேர்."

"சரி, எழுதுங்க."

கோயிலில் பூசை போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கியாயிற்று. பிளாஸ்டிக்கை மட்டும் தொட விடவில்லை. துஷ்யந்திக்குக் காரில் ஏறும்போது பெருமையாக இருக்கும். உட்கார்ந்தால் கறகற. இறங்கும்போது சேலை ஒட்டிக்கொண்டு கூடவே வராது. இதற்கு அந்த வேனே தேவலை என்றுகூடத் தோன்றும்.

"கல்யாணத்துக்கும் இப்படியே போனா என் மானம் போயிடும்."

"போகாது."

அவ்வளவுதான் பேச்சு. கஞ்சன் என்று முடிவு கட்டினாள். கல்யாணத்துக்கு முதல் நாள் கத்தரிக்கோலை எடுத்து வெட்டி வீசினாள்.

கடுகண்ணாவை மண்டப வாசலில் பால் நிற சீட்டை எல்லோரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். துஷ்யந்திக்கு வயிறு நிறைந்தது. திருச்செல்வம் மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், வழக்கம்போல, "வேலை இருக்கு" என்று சாவியை எடுத்தார்.

"நானும் வர்றேன்" என்று ஏறிக்கொண்டாள். அவர் பின் சீட்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் காரை எடுத்தார்.

கார் ஆஸ்பத்திரி கேட்டடியில் நின்றது. அங்கே இரத்தினம்மா. கடையில் பதினைந்து வருஷம் பில் எழுதியவள். உடம்பு சரியில்லை என்று மூன்று மாதமாக லீவு. பாதியாக இளைத்திருந்தாள். தலையை முந்தானையால் மூடியிருந்தாள்.

பின் கதவைத் திறந்தாள். சீட்டைப் பார்த்தாள். கதவை மெதுவாகச் சாத்தினாள்.

"பிளாஸ்டிக் இல்லீங்களே, முதலாளி. நான் பஸ்ஸுலயே போயிடுறேன்."

"என்னங்க இது?" என்றாள் துஷ்யந்தி.

திருச்செல்வம் ரோட்டைப் பார்த்தபடி சொன்னார். "கேன்சர். செவ்வாய்க்கிழமை மருந்து ஏத்துவாங்க. வீட்டுக்குப் போற கலஹா ரோட்டு வளைவுல வாந்தி வந்துடும். பஸ்ஸுல மூஞ்சியைச் சுளிக்கிறாங்கன்னு நடுவழியில இறங்கி அழுதிருக்கு. யாருக்கும் சொல்லாதீங்கன்னு சத்தியம் வாங்கிடுச்சு. உனக்கும்தான்."

துஷ்யந்தி இறங்கினாள். கதவைத் திறந்து இரத்தினம்மாவின் பையை வாங்கி உள்ளே வைத்தாள்.

"ஏறுங்க. கடையில பிளாஸ்டிக் ரோல் கிடக்கு. வெட்டிப் போட்டுட்டுப் போவோம்."

அடுத்த வாரம் மோகனராஜ் காரில் ஏறினார். கறகற.

"மறுபடியுமா? மாப்பிள்ளை, நீங்க திருந்தவே மாட்டீங்களா?"

திருச்செல்வம் சாவியைத் திருகினார்.

"அவரை ஒன்னும் சொல்லாதீங்கண்ணே" என்றாள் துஷ்யந்தி. "நான்தான் போடச் சொன்னேன். இவ்வளவு காசு குடுத்து வாங்கின சீட்டு, அழுக்காயிடாது?"