மஞ்சள் கைகள்

வீட்டை விற்கும் ஸ்தேவானுக்குக் கண் தெரியாது. சுவரில் உள்ளங்கையை ஊன்றி ஊன்றி முன்னால் நடந்தார்.

“இங்க ஒரு படி இருக்கும்மா, பாத்து வாங்க.”

வீட்டை வாங்க வந்த யாழினியும், அவள் கூட்டிவந்த பொறியாளரும் பின்தொடர்ந்தார்கள். சுவருக்குள் ஈரம் கசிகிறதா என்று அறிய, பொறியாளர் வெப்பத்தைக் காட்டும் கேமராவை உயர்த்தினார். வெறுங்கண்ணுக்கு வெள்ளைச் சுவர்தான். திரையிலோ அது கருநீலமாக விரிந்தது. அதன்மேல் வாசலிலிருந்து கூடம்வரை, விரல்கள் விரிந்த மஞ்சள் கைகள் வரிசையாக ஒளிர்ந்தன. வாசல் பக்கத்துக் கைகள் ஒவ்வொன்றாக மங்கிக்கொண்டிருந்தன.

“சுவத்துல ஈரம் ஏதும் இருக்கா தம்பி?” என்றார் ஸ்தேவான்.

பொறியாளர் திரையை யாழினியின் பக்கம் திருப்பிக் காட்டினார். யாழினி ஓசைப்படாமல் வாசலுக்குத் திரும்பிப்போய், அணையப்போன ஒரு கையின்மேல் தன் கையை வைத்தாள்.