பதிலுக்கு விட்ட இடம்

ஒலிப்பதிவு கெட்டுவிடக் கூடாதென்று மின்விசிறியை நிறுத்தியிருக்கிறார்கள். அடைத்த சன்னலின் இடுக்கு வழியே தருமபுரியின் மதிய வெயில் ஒரு கோடாக இறங்கி, மேசைமேல் இருக்கும் மைக்கைத் தொடுகிறது. வடக்கேயிருந்து இங்கே வேலைக்கு வரும் நர்சுகளுக்குத் தமிழ் கற்றுத்தரும் பாடம் இது. அதைத் தொகுப்பவள் கலைமணி. நோயாளியின் குரலுக்காக வத்தல்மலையிலிருந்து வந்திருக்கும் மாதம்மாள், முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மைக்கை நோக்கிக் குனிகிறாள். "நெஞ்ச அடைக்குதுங்க. மூச்சு வுட முடியலீங்க." சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்க்கிறாள். கலைமணி பேசாமல் விரல் மடக்கி ஐந்து வரை எண்ணுகிறாள்.

"ஏங்க, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க?"

"படிக்கிற நர்சு பதில் சொல்றதுக்கு வுட்ட எடம்க்கா அது. நாம பேசக் கூடாது."

மாதம்மாள் மைக்கையே பார்க்கிறாள். "போன வருசம் நெசமாவே ஆசுபத்திரியில இப்படிக் கெடந்தனுங்க. அந்த நர்சுப் புள்ளைக்கு நம்ம பேச்சு தெரியல. முழிச்சுக்கிட்டு நின்னுச்சு, பாவம்."

மறுபடியும் பதிவு. அதே வரிகள்தான், ஆனால் குரல் நடுங்குகிறது. கலைமணி ஒரு விரலை மடக்குகிறாள், இன்னொன்றை மடக்குகிறாள். மாதம்மாளின் கை எதையோ தேடுவதுபோல மேசைமேல் மெல்ல நகர்ந்து வருகிறது. எண்ணிக்கொண்டிருந்த கை போய் அதைப் பற்றிக்கொள்கிறது. கண்ணாடி வளையல்கள் மைக்கருகே சிணுங்குகின்றன.

"கெட்டுப்போச்சுங்களா?"

கலைமணி இல்லையென்று தலையசைக்கிறாள். பிடித்த கையை விடாமல், பாடத்தாளில் 'ஐந்து நொடி' என்றிருப்பதை அடித்துவிட்டு, இடக்கையால் கோணல்மாணலாக எழுதுகிறாள்: 'முதலில் கையைப் பிடித்துக்கொள்ளவும்.'